துருத்தி எங்கே போயிற்று? உலைக்கு கேஸ் பர்னர், முதல்முறை செய்பவர்களுக்கு

கரி உலையில் சூட்டைக் கையில் வைத்திருப்பது துருத்தி. ஊதினால் இரும்பு வெளுக்கும், நிறுத்தினால் கறுக்கும். தோல் துருத்தி போய்க் கையால் சுற்றும் புளோயர் வந்தது, அதுவும் போய் மோட்டார் வந்தது. எது வந்தாலும் கொல்லப் பட்டறையின் சூட்சுமம் காற்றில்தான் இருந்தது. கேஸ் உலைக்கு மாற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியதும் அதைப் பற்றியே: இதில் துருத்தி எங்கே இருக்கிறது?

மோட்டாரோ விசிறியோ இல்லாத சாதாரண கேஸ் பர்னரில், ஊசித் துளையிலிருந்து சீறி வரும் கேஸே துருத்தி. வேகமாகப் பாயும் கேஸ் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. போகிற வழியில் இரண்டும் கலந்து, குழாயின் வாயில் எரிகின்றன. பர்னர் செய்வதென்பது கேஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேஸ் தானே வந்து சேரும். போதுமான காற்றை இழுக்க வைப்பதுதான் வேலை. கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்காகத்தான்.

எவ்வளவு காற்று வேண்டும்?

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு பங்கு பியூட்டேனுக்கு ஆறரை. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆகவே புரோப்பேனுக்கு ஏறத்தாழ 24 பங்கு காற்றும் பியூட்டேனுக்கு 31 பங்கு காற்றும் தேவை. எடைக் கணக்கில் ஒரு கிலோ கேஸுக்குப் பதினைந்தரை கிலோ காற்று, அதாவது சுமார் 13 கன மீட்டர். அவ்வளவு காற்றையும் 0.8 மில்லிமீட்டர் துளையிலிருந்து வரும் கேஸ் தனியாக இழுத்தாக வேண்டும்.

முக்கால் அங்குலக் குழாய் போட்ட பர்னர் ஒன்றை 0.8 மி.மீ. ஜெட்டோடு (கேஸ் சீறி வரும் அந்த ஊசித் துளைதான் ஜெட்) 0.5 பார் அழுத்தத்தில் எரித்தால் மணிக்கு ஏறத்தாழ 0.8 கிலோ கேஸ் போகும். வெப்பக் கணக்கில் அது பத்து கிலோவாட். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் பொதுவாக இரண்டரை, மூன்று கிலோவாட். ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள உலையை இரும்பு அடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இப்படி ஒரு பர்னர் போதும்.

வீட்டு அடுப்பு ரெகுலேட்டரை மாட்டி இதை எரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது தரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். அதே ஜெட்டில் கேஸ் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், குழாயில் கலவையின் வேகமும் அதே அளவுக்கு விழும். 0.5 பாரில் குழாய்க்குள் கலவை நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் ஓடும். வீட்டு ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. உலை காய்ந்ததும் நெருப்பு அந்தச் சோம்பல் ஓட்டத்தை எதிர்த்துக் குழாய்க்குள் ஏறிவிடும். ‘அப்படியானால் ஜெட்டைப் பெரிதாக்கிவிடலாமே’ என்றால், கேஸ் கூடும், காற்று அதற்கு ஈடாக ஏறாது. மஞ்சள் தீதான் மிஞ்சும். ஆகையால் 0 முதல் 2 பார் வரை காட்டும் மீட்டருடன், திருகிக் கூட்டிக் குறைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரே வேண்டும். சிலிண்டர் நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டராக இருக்கட்டும். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைப் பட்டறைக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை.

பொருள்கள்

எளிதாகச் செய்யக்கூடியது டீ பர்னர். பைப்பு வேலைக்கு வாங்கும், T எழுத்து வடிவிலுள்ள டீ என்ற இணைப்புதான் அதன் தலை. பெரும்பாலான பொருள்கள் வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ பைப்பு பிட்டிங்ஸ் கடையிலும் வெல்டிங் சாமான் கடையிலும் கிடைத்துவிடும்.

1 அங்குல டீ ஒன்று, அதன் நடுக்கிளை மட்டும் முக்கால் அங்குலமாகக் குறைந்தது. ரெடியூசிங் டீ என்று கேளுங்கள். நேர்வழியின் இரண்டு 1 அங்குல வாய்களும் திறந்தே இருக்கும். காற்று அவற்றின் வழியாகத்தான் வரும். நடுக்கிளையில் முக்கால் அங்குல நிப்பிள், அதாவது முனையில் மரையிட்ட குழாய்த் துண்டு, 180 முதல் 200 மி.மீ. நீளம். இதைக் கலவைக் குழாய் என்போம். அதன் உள்விட்டம் சுமார் 21 மி.மீ. விட்டத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கு நீளம் என்பது அனுபவத்தில் தேறிய கணக்கு. குட்டையாக இருந்தால் கேஸும் காற்றும் கலந்து முடிவதற்குள் வாய் வந்துவிடும். நீளமாக இருந்தால் குழாய்ச் சுவரின் உரசலே காற்றைத் தடுக்கும்.

ஜெட்டுக்கு மிக் வெல்டிங் டிப், அதாவது வெல்டிங் துப்பாக்கியில் கம்பி வெளியே வரும் துளையிட்ட முனை. M6 மரை, 28 மி.மீ. நீளம், 0.6 மி.மீ. கம்பிக்கானது. கம்பி தாராளமாக ஓட வேண்டுமென்பதால் அதன் துளை கம்பியைவிடப் பெரிதாக, 0.8க்கு அருகில் இருக்கும். 0.8 கம்பிக்கான டிப்பை வாங்கிவிட்டால் துளை ஏறத்தாழ 1 மி.மீ. வரும், இந்தக் குழாய்க்கு அது அதிகம். இரண்டு மூன்று டிப்பாக வாங்கி வையுங்கள், சீர்செய்யும்போது ஒன்றிரண்டு வீணாகும். டிப்பைப் பிடிக்க 1/8 அங்குலப் பித்தளை நிப்பிள் ஒன்று. பிறகு ஒரு பால் வால்வு, கம்பி வலை போட்ட ரப்பர் கேஸ் ஹோஸ் (மேலே ஐ.எஸ். 9573 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்), ரெகுலேட்டர்.

கலவைக் குழாய் ஜி.ஐ. பைப்பாக இருக்கக் கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். பர்னர் வாயருகே அந்தச் சூடு சர்வ சாதாரணம். வெள்ளைப் புகையாக வரும் துத்தநாக ஆக்சைடைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பைப் போட்டு உலுக்கும். கறுப்பு எம்.எஸ். பைப்பு என்று கேட்டு வாங்குங்கள். டீ உலையிலிருந்து தள்ளி இருப்பதால் அது மட்டும் ஜி.ஐ. ஆக இருந்தாலும் பரவாயில்லை.

ஜெட் நேராக நிற்க வேண்டும்

வீட்டில் செய்த பர்னர்கள் பத்து கெட்டுப்போனால் பாதிக்கு மேல் இங்கேதான் கெட்டிருக்கும். ஜெட்டின் அச்சும் கலவைக் குழாயின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தால் 200 மி.மீ. தள்ளிக் குழாயின் வாயில் மூன்றரை மி.மீ. விலகிப் போகும். பத்தரை மி.மீ. ஆரமுள்ள குழாயில் அது மூன்றில் ஒரு பங்கு. கேஸ் ஒரு பக்கச் சுவரில் மோதி, இழுக்க வேண்டிய காற்றில் பாதியை விட்டுவிடும்.

டீயின் முதுகில், நடுக்கிளைக்கு நேர் எதிரே, துளை போட வேண்டும். டீயை வைஸில் பிடித்துக் கண்ணளவில் துளை போடாதீர்கள். வார்ப்பு டீயின் வெளிப்புறம் ஒருபோதும் அதன் மரைக்கு நேராக இருப்பதில்லை. லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் இப்படிச் சொல்லுங்கள்: நடுக்கிளையில் முக்கால் அங்குல நிப்பிள் ஒன்றை இறுக்கி, அந்த நிப்பிளைச் சக்கில் பிடிக்க வேண்டும். டீயின் முதுகு டெயில்ஸ்டாக்கைப் பார்த்து நிற்கும். முதலில் சென்டர் டிரில், பிறகு 8.8 மி.மீ. துளை, பிறகு அதே அமைப்பைக் கலைக்காமல் 1/8 பி.எஸ்.பி. டேப் (மரை வெட்டும் கருவி). குழாய் எந்த மரையில் உட்காரப் போகிறதோ அதே மரையை ஆதாரமாக வைத்துத் துளை போடுவதால் இரண்டும் தானாக ஒரே கோட்டில் வந்துவிடும். கால் மணி நேர வேலை. இதற்குக் கொடுக்கும் கூலி இந்தப் பர்னரிலேயே நன்றாகச் செலவான காசு.

பித்தளை நிப்பிளின் உள்முனையில் 5 மி.மீ. துளை போட்டு M6 டேப் அடித்தால் மிக் டிப் அதில் ஏறும். வெளிமுனையில் பால் வால்வும் ஹோஸும். டீக்குள் திருகும் மரைக்கும் டிப் மரைக்கும் டெஃப்லான் டேப் வேண்டாம். ஒரு இழை பிய்ந்து 0.8 மி.மீ. துளையில் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்கத் தேடுவீர்கள். வால்வு, ஹோஸ் இணைப்புகளில் மட்டும் கேஸுக்கான மஞ்சள் டேப்பை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி தண்ணீர். கேஸ் இணைப்பதற்கு முன், மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரின் ஹோஸை நிப்பிளில் மாட்டி அழுத்துங்கள். ஊசி போன்ற தண்ணீர்க் கோடு குழாயின் எந்தச் சுவரையும் தொடாமல் நட்ட நடுவே வெளியே வர வேண்டும். சாய்ந்து வந்தால் டிப்பைக் கழற்றி அதன் வாயில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கட்டர் டிப் கிளீனர் கம்பியால் மெதுவாகத் துடைத்தாலே பலமுறை சரியாகிவிடும். சோதனை முடிந்ததும் நன்றாகக் காயவிடுங்கள்.

வாய்

குழாய் அப்படியே முடிந்தால் நெருப்பு அதன் முனையில் நிற்காது. கலவை வேகமாகப் போவதால் ஊதித் தள்ளப்பட்டு அணையும். வாயைச் சற்று அகலமாக்கினால் ஓட்டம் அந்த இடத்தில் மட்டும் நிதானிக்கும், ஓரத்தில் சுழலும், நெருப்பு பிடித்து நிற்கும். 1 அங்குல பைப்பில் 50 மி.மீ. துண்டு வெட்டி, உள்ளே இருக்கும் வெல்டிங் மடிப்பை அரத்தால் தேய்த்து, கலவைக் குழாயின் மேல் ஏற்றுங்கள். குழாய் முனையைத் தாண்டி 20 முதல் 25 மி.மீ. நீட்டி நிற்கட்டும். பக்கத்தில் ஒரு மரையாணி போட்டால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதிகம் நீட்டினால் தீ உள்ளேயே திணறும், குறைவாக நீட்டினால் தீ எகிறி ஓடும். இரும்புத் துண்டு சில மாதங்களில் செதில் செதிலாகக் கரையும். கையில் கிடைத்தால் 310 அல்லது 304 எஸ்.எஸ். போடுங்கள்.

உலை உடம்பு, சுருக்கமாக

250 மி.மீ. உள்விட்டமும் 300 மி.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். உள்ளே 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட் (சூடு தாங்கும் இழை விரிப்பு) இரண்டு சுற்று: 1260 டிகிரி தரம், ஒரு கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. அப்போது உள்ளே 150 மி.மீ. வெளி மிஞ்சும், கொள்ளளவு 5.3 லிட்டர், மேலே சொன்ன ஒற்றை பர்னருக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். பிளாங்கெட்டை அப்படியே விடாதீர்கள். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டும்போது முகமூடி கட்டாயம். வைத்தபின் அதன் மேல் உயர்வெப்பக் காரை ஒரு பூச்சு, கால் அங்குலம். தரையில் தீச்செங்கல் வில்லை. இரும்போடு இரும்பை உலையில் ஒட்டும்போது தூவும் வெங்காரம் பிளாங்கெட்டில் பட்டால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றியதுபோலக் கரைத்துவிடும்.

பர்னர் மேலிருந்து நேராக இறங்க வேண்டாம். கடிகாரத்தில் பத்தரை மணி நிற்கும் இடத்திலிருந்து, உட்சுவரைத் தடவிச் செல்லும்படி சாய்த்து வையுங்கள். தீ சுழன்று வரும், இரும்பின் ஒரே இடத்தில் அடிக்காது. வாய் முனை காரைப் பூச்சின் உள்முகத்திலிருந்து ஒரு விரல் உள்வாங்கி இருக்கட்டும். கடப்பாரை போன்ற நீளமான சாமான் போக, பின்னால் ஒரு சிறு வாசலும் வேண்டும்.

பற்றவைப்பதற்கு முன்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படுத்துப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே பற்றிக்கொள்ளும். சிலிண்டரைக் குழி, சாக்கடை, நிலவறைப் பக்கம் வைக்காதீர்கள். உலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நிழலில், நிமிர்ந்து நிற்கட்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ஹோஸில் வரும். அக்னி நட்சத்திரத்து வெயிலில் வேலூரில் திறந்தவெளியில் நிற்கும் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நிழல் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, பால் வால்வை மூடி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழ் வந்தால் இறுக்குங்கள். தீக்குச்சியால் சோதிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. கேஸ் கசிவைக் காட்டிக்கொடுக்க வாடை சேர்த்திருக்கிறார்கள், இதற்கு வாடை கிடையாது. ஒழுங்காக எரியும் உலையும் கொஞ்சம் விடும், மஞ்சளாக எரியும் உலை நிறையவே விடும். இரண்டு பக்கமாவது முழுக்கத் திறந்த கொட்டகையில் மட்டுமே எரியுங்கள். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக் கூடாது. தலை கனத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பற்றவைக்கும் வரிசை: முதலில் நெருப்பு, பிறகு கேஸ். எரியும் காகிதத்தையோ நீளக் கைப்பிடி லைட்டரையோ உலைக்குள் பர்னர் வாயருகே வைத்து, முகத்தை வாசலுக்கு நேரே வைக்காமல், ரெகுலேட்டரை 0.2 பாரில் வைத்துப் பால் வால்வைத் திறங்கள். பிடிக்கவில்லையென்றால் வால்வை மூடி, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, மீண்டும். உள்ளே தேங்கிய கேஸின் மேல் நெருப்பை நீட்டினால் அது பற்றாது, வெடிக்கும்.

சீர் செய்வது

குழம்பில் உப்பு தூக்கல், காரம் தூக்கல் என்பதுபோல, பர்னரிலும் கேஸ் தூக்கல், காற்று தூக்கல் என இரண்டே குற்றங்கள். ரெகுலேட்டரைத் திருகி இவற்றைச் சரிசெய்ய முடியாது என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் கேஸ் கூடும், அது இழுக்கும் காற்றும் கூடவே கூடும். விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். குழம்பு இரண்டு படியானாலும் உப்பு தூக்கலாக இருந்தால் தூக்கல்தான். விகிதத்தை மாற்றுவது ஜெட்டின் துளை அளவு, ஜெட் முனை குழாயிலிருந்து நிற்கும் தூரம், காற்று வாய்களின் திறப்பு ஆகிய மூன்றும்தான்.

திறந்தவெளியில் கையில் பிடித்து எரித்துப் பார்த்துச் சீர் செய்ததை உலையில் மாட்டினால் மாறிவிடும். உலைக்குள் இருக்கும் சூடான வாயு எதிர்த்துத் தள்ளும், காற்றின் வரத்து குறையும். பர்னரை உலையில் பொருத்தி, வாசல்களை வேலை செய்யும்போது எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்ட பின்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முதல்நாள் எரிப்பில் தீ ஆரஞ்சாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். புதுக் காரையிலும் பிளாங்கெட்டிலும் உள்ள பசையும் தூசியும் எரியும் நிறம் அது.

28 மி.மீ. டிப்பை முழு நீளத்தோடு மாட்டித் தொடங்குங்கள். முனை குழாய்க்கு நெருங்கி நிற்பதால் காற்று புகும் இடைவெளி குறைவு; கேஸ் தூக்கலாகவே இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படித் தொடங்குகிறோம், ஏனென்றால் டிப்பை வெட்டலாம், ஒட்ட முடியாது. அடையாளம்: வாசலுக்கு வெளியே நீளமான, மந்தமான, மஞ்சள் நுனியுள்ள தீ நாக்கு, பர்னர் வாயில் கூர்மையில்லாத நீலம், சத்தமும் அமுங்கியிருக்கும்.

கேஸை மூடி, ஆறவிட்டு, டிப்பைக் கழற்றி, நுனியை அரத்தால் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. தேய்த்து, முகத்தைச் சதுரமாக்கி, பிசிறெடுத்து, மீண்டும் மாட்டி எரியுங்கள். முனை பின்வாங்கப் பின்வாங்கக் காற்று கூடும். ஒவ்வொரு முறையும் வாசல் நாக்கு குட்டையாகும், வாயில் நீலம் கூர்மையாகும், சத்தம் சீறலாக மாறும். நாக்கு வாசலுக்கு வெளியே ஒரு சாண் அளவுக்கு மெல்லிய நீலமாக, நுனியில் லேசான ஆரஞ்சோடு நிற்கும் இடம் வந்ததும் அரத்தைக் கீழே வையுங்கள். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் சூடு வருமே என்ற ஆசைதான் பல டிப்புகளைக் குப்பையில் சேர்த்திருக்கிறது.

எல்லை தாண்டிக் காற்று தூக்கலானால்: தீ குட்டையாக, வெளிறிய ஊதாவாக, வாயைவிட்டு எகிறித் துள்ளும்; வாசலில் நாக்கே இருக்காது. இரும்பு காயும், ஆனால் செதில் கனமாகப் படியும். களைக்கொத்து முனை, அரிவாள் அலகு போன்ற மெல்லிய வேலையில் இந்தச் செதில் இரும்பையே தின்னும். நிச்சயம் செய்ய, கிரைண்டரில் பளபளவெனத் தேய்த்த துண்டு ஒன்றை உலையில் செம்பழுப்பாக ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். தடித்த, உதிரும் செதில் என்றால் காற்று மிச்சம். மெல்லிய சாம்பல் படலம் என்றால் சரி. உலை வேலைக்குச் சரிசமத்தைவிட ஒரு சிட்டிகை கேஸ் தூக்கலாக இருப்பதே நல்லது. தாண்டிவிட்டால் புது டிப் போடலாம், இல்லையேல் ஒரு காற்று வாயின் மேல் தகடு ஒன்றை நகர்த்திப் பாதி மூடிப் பார்க்கலாம். தகடு இருப்பது நாள்தோறும் சின்னத் திருத்தம் செய்யவும் உதவும்.

எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் போகாவிட்டால் டிப்பைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு மற்றதைப் பாருங்கள். ஜெட் சாய்ந்திருக்கலாம். துளை ஒரு பக்கம் பிசிறாக இருக்கலாம். அப்போது தீயும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரியும். வாசலைச் செங்கல் வைத்து அதிகம் அடைத்திருக்கலாம். உலைக்குள் வெளியேற வழியில்லாத வாயு, புதுக் காற்றை உள்ளே விடாது.

‘டப் டப்’ என்று குழாய்க்குள் வெடித்துப் பின்னோக்கி எரிந்தால், கலவையின் வேகம் நெருப்பின் வேகத்துக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். காய்ந்த உலையில் அழுத்தத்தை 0.1 பாருக்கு இறக்கினால் இது நடக்கும். அழுத்தத்தைக் கூட்டுங்கள், நிற்காவிட்டால் உடனே வால்வை மூடுங்கள். குழாயே சூடாகியிருந்தாலும் இதே தொல்லை. பர்னர் வாய் உலைக்குள் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனி, ஆடி மேல்காற்று அடிக்கும் நாள்களில் நன்றாக எரிந்த பர்னர் திடீரென்று தடுமாறும். காற்று வாசலில் மோதி உள்ளே தள்ளுகிறது, அல்லது டீயின் ஒரு வாயை உறிஞ்சிவிடுகிறது. உலையைத் திருப்பி வைத்து, டீக்கு அருகே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும். உயரமும் கொஞ்சம் விளையாடும். வேலூரில் சீர் செய்ததைச் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரிக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் கேஸ் சற்றுத் தூக்கலாகும். தகட்டை முழுக்கத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேரம் போகப் போக அழுத்தமானி தானாக இறங்கி, சிலிண்டரின் அடியில் பனி கோத்தால் கோளாறு பர்னரில் இல்லை. திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே இழக்கிறது. குளிர்ந்தால் ஆவியாவது குறைகிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே கொதிப்பதை நிறுத்திவிடும். மார்கழி விடியலில், முக்கால்வாசி காலியான சிலிண்டரில், இரண்டு பர்னர் போட்டால் இது நிச்சயம். சாதாரணத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சிலிண்டரை நிறுத்தினால் தண்ணீர் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றுவதோ அனல் காட்டுவதோ கூடாது.

புளோயர் பர்னர் வேண்டாமா?

மோட்டார் காற்றைத் தள்ளும் பர்னரில் ஜெட் நேராக இருக்க வேண்டியதில்லை, விகிதத்தையும் கையால் திருகி மாற்றலாம், பெரிய உலைக்கு அதுதான் பொருத்தம். கரண்டு போனால் காற்று நிற்கும், கேஸ் நிற்காது. கரண்டு போனதும் தானாக மூடும் சொலினாய்டு வால்வு இல்லாமல் அதைக் கட்டவே கூடாது. முதல் பர்னருக்கு டீ போதும்.

அணைக்கும்போது

பால் வால்வைச் சட்டென்று மூடுங்கள். மெதுவாக மூடினால் கலவையின் வேகம் படிப்படியாக விழுந்து, கடைசியில் ஒரு முறை குழாய்க்குள் வெடிக்கும். பிறகு சிலிண்டர் வால்வு. உலை ஆறி, பக்கத்தில் எங்கும் நெருப்பில்லை என்று பார்த்துக்கொண்டு, ஹோஸில் மிஞ்சிய கேஸை வால்வு திறந்து வெளியே விடுங்கள்.

அணைத்தபின் இன்னொரு வேலை உண்டு. மேலிருந்து சாய்ந்து நிற்கும் பர்னர், உலையின் அனலுக்குப் புகைபோக்கியாகிவிடும். சூடு குழாய் வழியாக ஏறி டீயையும் ஹோஸையும் சுட்டுப் பொசுக்கும். அணைத்தவுடன் டீயின் இரண்டு வாய்களிலும் ஈரச் சாக்குத் துண்டைச் செருகுங்கள். ஆறியபின் ஈரச் சாக்கை எடுத்துவிட்டுக் காய்ந்த துணியால் அடைத்து வையுங்கள். ஒரு வாரம் திறந்து கிடந்தால் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும். அடுத்த முறை பற்றவைத்ததும் தீ மஞ்சளாகத்தான் எரியும், நீங்கள் டிப்பைத் தேய்க்க அரத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.